கானோ ஜிகோரோ

கானோ ஜிகோரோ (டிசம்பர் 10, 1860 – மே 4, 1938) ஜப்பானியக் கல்வியாளரும், ஜூடோ என்னும் தற்காப்புக் கலையை உருவாக்கியவரும் ஆவார். 1882 ஆம் ஆண்டு டோக்கியோவில் இவர் தொடங்கிய கோடோக்கான் என்ற சிறு பயிற்சிக்கூடமே இன்று உலகெங்கும் உள்ள ஜூடோ கழகங்களின் தாய்வீடாகக் கருதப்படுகிறது. அனைத்துலக ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியரும் இவரே. இவரது பிறந்தநாள் பல நூல்களில் அக்டோபர் 28 எனக் காணப்படும். அது ஜப்பானின் பழைய நாட்காட்டியின் பத்தாம் மாதம் 28 ஆம் நாளை அப்படியே எடுத்தாண்டதால் நேர்ந்த பிழை.

இளமை

இன்றைய கோபே நகரைச் சேர்ந்த மிக்காகே என்னும் ஊரில், சாக்கே எனப்படும் அரிசி மது வடிக்கும் செல்வக் குடும்பத்தில் கானோ பிறந்தார். தாயை இளம் வயதிலேயே இழந்தார். அதன்பின் அரசுப் பணியில் இருந்த தந்தையுடன் டோக்கியோவில் குடியேறி, ஆங்கிலமும் செருமனும் கற்றார். படிப்பில் சிறந்து விளங்கினாலும் உடலால் மெலிந்தவர். வளர்ந்த பின்னும் இவரது உயரம் ஏறத்தாழ ஐந்தடி இரண்டு அங்குலமே. விடுதிப் பள்ளியில் வலிய மாணவர்களின் கையில் அடிபட்டார். வலிமை குறைந்தவரும் வலியவரை வீழ்த்தலாம் என்று சொல்லப்பட்ட ஜூஜுட்சு கலையின்மேல் இவருக்கு நாட்டம் பிறந்தது இதனால்தான்.

ஆனால் ஆசிரியர் கிடைப்பது எளிதாக இல்லை. 1868 இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சியில் நாடு மேற்கத்திய வழிகளை நாடியது. ஜூஜுட்சு பழைய காலத்து முரட்டுத்தனமாகப் பார்க்கப்பட்டது. அக்கலையில் வல்ல பலர் எலும்பு முறிவு வைத்தியம் செய்து பிழைத்தனர். எனவே கானோ எலும்பு வைத்தியர்களைத் தேடி அலைந்தார். 1877 இல், டோக்கியோ பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, ஃபுக்குடா ஹச்சினோசுக்கே என்பவரிடம் சேர்ந்தார். ஒரு பிடியின் நுட்பத்தைக் கேட்டால் ஃபுக்குடா வாயால் விளக்கமாட்டார். மாணவரை மீண்டும் மீண்டும் தூக்கி எறிவார். உடல்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அக்கால முறை. கானோ அதில் தேறினார், ஆயினும் விளக்கம் வேண்டும் என்ற எண்ணத்தை விடவில்லை. தம்மினும் பருத்த சக மாணவர் ஒருவரை வெல்ல முடியாதபோது, சுமோ பிடிகளை ஆராய்ந்தார்; நூலகத்தில் மேற்கத்திய மல்யுத்த நூல்களைப் புரட்டினார். எதிராளியைத் தோள்களின் குறுக்கே தூக்கி வீழ்த்தும் முறையை அவற்றிலிருந்து வகுத்துக்கொண்டு, அம்மாணவரை வென்றார். அம்முறை இன்று கத்தாகுருமா எனப்படுகிறது.

ஃபுக்குடா 1879 இல் இறந்தார். பின்னர் இசோ மசத்தோமோவிடமும், கித்தோ பிரிவின் ஆசிரியர் ஈக்குபோ சுனெத்தோஷியிடமும் கானோ பயின்றார்.

கோடோக்கான்

1882 மே மாதம், டோக்கியோவின் ஷித்தாயா பகுதியிலுள்ள எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில், 12 பாய்கள் விரிக்கும் அளவுள்ள கூடத்தில் கோடோக்கான் தொடங்கியது. இது ஏறத்தாழ 20 சதுர மீட்டர்தான். முதலாண்டுப் பதிவேட்டில் ஒன்பது பெயர்களே உள்ளன. மாணவர்கள் விழும் அதிர்ச்சியில் கோயிலின் தரை தளர்ந்தது, இறந்தோர் நினைவுப் பலகைகள் ஆடின. பகலில் ஆசிரியப் பணி செய்த கானோ, இரவில் விளக்குடன் தரைக்கு அடியில் புகுந்து பழுது பார்த்திருக்கிறார். கோயில் துறவியின் பொறுமைக்கும் எல்லை உண்டு. 1883 இல் கூடம் இடம் மாறியது.

கானோ தம் கலைக்கு இட்ட பெயரிலேயே மாற்றம் தெரிகிறது. ஜுட்சு என்பது நுட்பம். டோ என்பது வழி. எதிராளியின் சமநிலையை முதலில் குலைத்து, அதன்பின்னரே எறிய வேண்டும் என்பதை இவர் முறையாக வகுத்தார். இழுப்பவரை இழுத்தபடியே முன்சென்று தள்ளுவதும், தள்ளுபவரைப் பின்வாங்கி இழுப்பதும் இதன் எளிய வடிவங்கள். அடி, குத்து போன்ற ஆபத்தான முறைகளை வரையறுத்த பயிற்சி வடிவங்களுக்குள் ஒதுக்கினார். எனவே மீதமுள்ளவற்றை முழு வேகத்துடன், பெரும் காயமின்றி, தினமும் பழக முடிந்தது. புதிதாகச் சேர்பவர் முதலில் கற்பது எறிவதை அன்று, விழுவதை. கையால் பாயை அறைந்து அதிர்ச்சியைத் தணிக்கும் உக்கெமி அது. ஜூடோ இவ்வளவு விரைவாகப் பரவியதற்கு, போட்டி வெற்றிகளைக் காட்டிலும் இவ்வமைப்பே பெரிய காரணம் எனலாம். காவல் துறையினருடன் நடந்ததாகக் கூறப்படும் புகழ்பெற்ற போட்டியின் ஆண்டும் விவரங்களும் நூலுக்கு நூல் வேறுபடுகின்றன.

கோ எனும் பலகை விளையாட்டில் வழங்கிய டான் தரவரிசையை 1883 இல் ஜூடோவுக்கு எடுத்துக்கொண்டார். தொமித்தா சுனெஜிரோ, சைகோ ஷிரோ இருவரும் முதல் டான் பெற்றனர். கராத்தே உள்ளிட்ட பிற கலைகள் இம்முறையைப் பின்னர் ஏற்றன.

பெண் மாணவர்கள்

1893 முதல் பெண்களுக்கும் கானோ கற்பித்தார். கோடோக்கானின் பெண்கள் பிரிவு 1926 இல் முறைப்படி அமைந்தது. முதல் ஆசிரியர் ஃபுக்குடாவின் பேத்தி ஃபுக்குடா கெய்கோவை இவரே அழைத்துப் பயிற்சியில் சேர்த்தார். அவர் பின்னர் அமெரிக்காவில் குடியேறி, 2011 இல் அங்கு பத்தாம் டான் பெற்று, 2013 இல் 99 ஆம் வயதில் காலமானார்.

கல்விப்பணியும் ஒலிம்பிக்கும்

கானோவின் தொழில் ஆசிரியப் பணியே. டோக்கியோ உயர்நிலை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு, இடைவெளிகளுடன், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைவராக இருந்தார். சீன மாணவர்களுக்காக இவர் நடத்திய கோபுன் கல்விக்கூடத்தில் எழுத்தாளர் லூ சுன் பயின்றார். இந்தியாவிலும் ஜூடோவுக்கு இடம் கிடைத்தது: தாகூரின் அழைப்பில் 1929 இல் கோடோக்கானைச் சேர்ந்த தக்காகாக்கி ஷின்சோ சாந்திநிகேதனில் கற்பிக்க வந்தார்.

1909 இல் ஒலிம்பிக் குழு உறுப்பினரான கானோ, 1912 ஸ்டாக்ஹோம் போட்டிக்கு ஜப்பானின் முதல் அணியை அழைத்துச் சென்றார். வீரர்கள் இருவரே. ஒலிம்பிக்கைத் தம் நாட்டுக்குக் கொண்டுவர உழைத்த இவர், ஜூடோவை அதில் சேர்க்க அத்தகைய ஆர்வம் காட்டாதது குறிப்பிடத்தக்கது. வெற்றி தோல்வியே குறிக்கோளாகிவிடும் என்ற தயக்கம் இவருக்கு இருந்தது.

1940 போட்டி டோக்கியோவுக்கு என 1936 இல் முடிவானது. சீனாவுடனான போர் மூண்டதால் எழுந்த எதிர்ப்புகளுக்கிடையே, 1938 இல் கெய்ரோவில் கூடிய ஒலிம்பிக் குழுவில் கானோ அவ்வுரிமையைக் காத்தார். வட அமெரிக்கா வழியாகத் திரும்புகையில் ஹிக்காவா மாரு கப்பலில் நுரையீரல் அழற்சியால் காலமானார். யோக்கோகாமா துறைமுகத்தை அடைய அப்போது இரண்டு நாள் இருந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஜப்பான் அப்போட்டியைக் கைவிட்டது.

டோக்கியோவில் ஒலிம்பிக் 1964 இல் நடந்தபோது ஆண்கள் ஜூடோவும் சேர்க்கப்பட்டது. எடை வரம்பற்ற பிரிவில் ஜப்பானின் கமினாகா அக்கியோவை நெதர்லாந்தின் அன்டன் கேசிங்க் வென்றார். பெண்கள் ஜூடோ 1992 இல் பதக்கப் போட்டியானது. ஹிக்காவா மாரு கப்பல் யோக்கோகாமாவில் அருங்காட்சியகமாக நிற்கிறது.