ஆழிக்குமரன் ஆனந்தன்

இலங்கையின் நீச்சல் வீரர்களுள் தனியிடம் பெற்றவர் வி. எஸ். குமார் ஆனந்தன். இவர் 1943 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆம் திகதி வல்வெட்டித்துறையில் பிறந்தார். அது கடலோடிகளின் ஊர். அங்கு கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்கா வரை சென்றது. ஆனந்தன் தொழிலால் சட்டத்தரணி. எனினும் கடலில் அவர் நிகழ்த்திய சாதனையால் மக்கள் அவரை ஆழிக்குமரன் என அழைத்தனர்.

இலங்கையையும் இந்தியாவையும் பிரிப்பது பாக்குநீரிணை. திருகோணமலைத் துறைமுகம் மிக ஆழமானது; ஆனால் நிலத்தால் சூழப்பட்டிருப்பதால் உள்ளே அலை குறைவு. பாக்குநீரிணையோ இதற்கு மாறானது. அங்கு ஆழம் குறைவு. காற்றும் நீரோட்டமும் நீந்துபவரைத் திசைமாற்றிவிடும்.

இந்நீரிணையை 1954 இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி நீந்திக் கடந்தார். 1966 இல் இந்திய வீரர் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். இவர்கள் ஒரு திசையில் மட்டுமே நீந்தினர். ஆனந்தன் 1971 இல் இந்தியக் கரைக்குச் சென்று, மீண்டும் இலங்கைக் கரைக்கு நீந்தி வந்தார். இதற்கு எடுத்த நேரம் 51 மணித்தியாலங்கள். இரண்டு நாட்களுக்கும் மேலாக உறக்கமின்றிக் கடலோடு போராடிய சாதனை இது.

நீச்சலோடு அவர் நின்றுவிடவில்லை. 1979 மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலங்களுக்கு மேல் இடைவிடாது சைக்கிள் ஓட்டினார். 1980 மே மாதத்தில் 33 மணித்தியாலங்கள் ஒற்றைக்காலில் நின்றார். இவை கின்னஸ் சாதனை நூலில் இடம்பெற்றன. இவரது சாதனைகள் யாவற்றுக்கும் அடிப்படை வேகமன்று, தாங்கும் வலிமையே ஆகும்.

அடுத்து அவர் ஆங்கிலக் கால்வாயை நாடினார். மத்தியூ வெப் 1875 இல் முதன்முதலில் நீந்திக் கடந்த அக்கால்வாயின் குறுகிய அகலம் ஏறத்தாழ 33 கிலோமீற்றரே. ஆயினும் அதன் நீர் கோடையிலும் குளிர்ந்தது. குளிர்நீர் உடல் வெப்பத்தைக் காற்றை விடப் பன்மடங்கு விரைவாகக் கவர்ந்துவிடும். வெப்பவலயக் கடலில் பழகியவர்க்கு இது பெருஞ்சோதனை. 1984 ஆகஸ்ட் 6 ஆம் திகதி அம்முயற்சியிலேயே ஆனந்தன் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 41.

மனவுறுதி மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதை அவரது வாழ்வு காட்டியது. இயற்கைக்கும் ஒரு வலிமை உண்டு என்பதை அவரது மறைவு உணர்த்தியது. மாணவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.

அருஞ்சொற்கள்

ஆழி – கடல்
நீரிணை – இரு நிலப்பகுதிகளுக்கு இடையே அமைந்து, இரு கடற்பகுதிகளை இணைக்கும் ஒடுங்கிய கடல்

பயிற்சி வினாக்கள்

1. ஆனந்தனின் பாக்குநீரிணைச் சாதனை முன்னையோரின் சாதனையிலிருந்து எவ்வாறு வேறுபட்டது?
2. திருகோணமலைத் துறைமுகத்துக்கும் பாக்குநீரிணைக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டு தருக.
3. ஆங்கிலக் கால்வாய் வெப்பவலய வீரருக்குச் சோதனையாவது ஏன்?
4. இறுதிப் பந்தியின் கருத்தை உமது சொந்த நடையில் சுருக்கி எழுதுக.