எண்களால் வெள்ளத்தை ஆராய்ந்த மகலனோபிஸ்



2019 ஆகஸ்டு 8-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நம் அவலாஞ்சியில் 82 செ.மீ. மழை பதிவாயிற்று. நாள்தோறும் குறித்து வைக்கும் இத்தகைய எண்களின் அருமையை நாட்டுக்கு உணர்த்தியவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

29-6-1893 அன்று கல்கத்தாவில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பி, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் போதித்தார். புள்ளியியலில் பேரார்வம் கொண்டார்.

1926-இல் ஒரிசாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்துப் பேரழிவு விளைவித்தது. ஆற்றுப்படுகை மேடிட்டுவிட்டது என்று கருதிய பொறியியல் வல்லுநர்கள், கரைகளைப் பல அடி உயர்த்தச் சொன்னார்கள். மகலனோபிஸ் அவசரப்படவில்லை. ஏறத்தாழ 60 ஆண்டு மழை, வெள்ளக் குறிப்புகளைப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தார். படுகை உயரவேயில்லை என்று தெரிந்தது. கரையை உயர்த்துவதால் பயனில்லை. மேற்பகுதியில் அணை கட்டி நீரைத் தேக்குவதே வழி என்று எடுத்துக்காட்டினார். மகாநதியின் ஹிராகுட் அணைத் திட்டத்துக்கும் அவருடைய கணக்குகள் பின்னர் உதவின.

1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். 28-6-1972 அன்று காலமானார். அவர் பிறந்த நாளே 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தவறான கணிப்பை நம்பியிருந்தால் பணமும் உழைப்பும் வீணாகியிருக்கும். மக்களின் துயரும் தீர்ந்திராது. ஆகவே, எதையும் முடிவு செய்யுமுன் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்ப்போம். வீட்டுக் கணக்கானாலும் பங்குக் கணக்கானாலும், எழுதி வைப்பது பெட்டியில் பூட்டுவதற்கு அல்ல, வழி காண்பதற்கே.