உடனுறைந்த மருத்துவர்

நோய்க்கு மருந்தளிப்பது மருத்துவர் கடன். மருந்தால் மாறாத குறையுடையோர்க்குத் தம் இல்லத்தையே அளித்த மருத்துவர் ஒருவர் உண்டு. அவரே கார்ல் கோனிக் ஆவார்.

அவர் 1902ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டின் வியன்னா மாநகரில், யூதக் குடும்பமொன்றில் தோன்றினார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1927இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டே சுவிட்சர்லாந்திலுள்ள ஆர்லஸ்ஹைம் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே, கிறித்துமசுக்கு முந்திய நாள்களுள் ஒன்றில், அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவர் ஒவ்வொருவராய் நடந்து சென்று, நடுவே எரிந்த பெரிய மெழுகுவர்த்தியிலிருந்து தத்தம் சிறிய மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டனர். அக்காட்சி அவர் உள்ளத்தை உருக்கியது. அத்தகைய குழந்தைகளுக்கே தம் வாழ்வை உரியதாக்க அவர் உறுதி பூண்டார்.

1938இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைக் கைப்பற்றியது. கோனிக் தாய்நாடு துறந்து ஸ்காட்லாந்து சேர்ந்தார். மறு ஆண்டில், தம்மைப்போல் அகதிகளாய் வந்த நண்பர்களுடன், அபர்டீன் நகருக்கு அப்பாலுள்ள சிற்றூர்ப் பகுதியில் இல்லமொன்றைத் தொடங்கினார். 1940, 1941 ஆகிய ஆண்டுகளில் ஹிட்லரின் ஆட்சி, மனநோயாளரும் அறிவுக்குறை உடையோருமாகிய ஏறத்தாழ 70,000 பேரை, வாழத் தகாதவர் என்று ஒதுக்கி, நச்சுக்காற்றால் கொன்றது. ஓரிடத்தில் உயிரும் மறுக்கப்பெற்ற மக்கள், பிறிதோரிடத்தில் வீடும் உறவும் பெற்றனர்.

ஆயினும் இடையூறு நேர்ந்தது. 1940இல் பிரிட்டிஷ் அரசு, பகைநாட்டுக் குடிகள் எனக் கருதிக் கோனிக்கையும் உடனிருந்த ஆடவரையும் மான் தீவில் காவலில் வைத்தது. பெண்டிர் மனந்தளராமல், குழந்தைகளை அழைத்துக்கொண்டு, ஜூன் முதல் நாள் கேம்ப்ஹில் என்னும் மனையில் குடியேறினர். அவ்வாண்டே விடுதலை பெற்ற கோனிக் அங்கு வந்து சேர்ந்தார். அம்மனையின் பெயரே பின்னர் இயக்கத்தின் பெயராயிற்று.

அங்கே உதவுவோரும் உதவி பெறுவோரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். ஒரே மேசையில் உண்டனர். விழாக்களை ஒருங்கே கொண்டாடினர். உதவுவோர் கூலி பெறவில்லை.

குழந்தைகள் வளர்ந்தபின் எங்கே செல்வர் என்னும் கவலை பெற்றோரை வாட்டியது. அதற்கு விடையாக, 1955இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர்ப் பகுதியில் பாட்டன் என்னும் சிற்றூர், வளர்ந்தோர்க்கென உருவாயிற்று. அங்கே அவர்கள் நிலத்தில் உழைத்தனர். பட்டறைகளில் தொழில் செய்தனர். இரக்கத்துக்கு உரியவராய் இருந்தவர், தம் உழைப்பால் ஊருக்கு வேண்டியவராயினர்.

கோனிக் 1966இல் ஜெர்மனியில் மறைந்தார். அவர் தொடங்கிய இயக்கம் பின்னர் 20க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. உணவும் உடையும் ஈவது அறமே. எனினும், உடனிருந்து உண்பதும், செய்யத்தக்க தொழிலைத் தந்து மதிப்பதும் அதனினும் பேரறம் என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.