தகர டப்பாவில் வார்த்த வேகம்

மூன்றாம் ஆண்டு, டி.எம்.இ. மாணவன்



'இந்தியன்' என்ற பெயரைக் கேட்டதும் நம்ம ஊர்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் தயாரான ஒரு மோட்டார் சைக்கிளின் பெயர். அதில் 1920-ம் வருட 'ஸ்கவுட்' மாடல் ஒன்றை வாங்கி, ஆயுள் முழுக்க அந்த வண்டியோடு மல்லுக்கட்டியவர் பர்ட் மன்றோ. நியூசிலாந்துக்காரர். 2005-ல் ஆன்டனி ஹாப்கின்ஸ் நடித்து ஒரு படம் வந்தது. அதற்குப் பிறகு அவர் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. படம் பார்ப்பவர்களுக்குப் பந்தயம் பெரிதாகத் தெரியும். மெக்கானிக்கல் மாணவனான எனக்கு அவருடைய கொட்டகைதான் பெரிதாகத் தெரிகிறது!

மன்றோ 1899 மார்ச் 25-ல் பிறந்தார். நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்று ஒரு ஊர். அதன் பக்கத்தில் ஈடன்டேல் என்ற இடத்தில் விவசாயக் குடும்பம். பொறியியல் கல்லூரி வாசலை மிதித்தவர் இல்லை. அப்பாவின் பண்ணையில் உழைத்தார். ஒடிரா சுரங்கப்பாதை வேலைக்கும் போனார். பிறகு மோட்டார் சைக்கிள் விற்பவராகவும் மெக்கானிக்காகவும் பிழைத்தார். பகலில் வேலை, இரவில் கொட்டகை. இதுதான் அவர் வாழ்க்கை.

அவர் வாங்கியபோது அந்த ஸ்கவுட் 600 சி.சி. வண்டி. அதிகபட்ச வேகம் மணிக்கு சுமார் 89 கிலோமீட்டர். 1926-ல் அதைப் பிரித்து மாற்ற ஆரம்பித்தார். கையில் காசு கிடையாது. ஆகவே கருவிகளையும் உதிரி பாகங்களையும் தானே செய்துகொண்டார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து அலுமினியத்தை உருக்கி ஊற்றி பிஸ்டன் வார்த்தார். பழைய வார்ப்பிரும்புக் குழாயைக் குடைந்து சிலிண்டர் செய்தார். டிராக்டர் ஆக்சிலை அறுத்து, கையாலேயே ராவி கனெக்டிங் ராடு ஆக்கினார். அளவெடுக்க ஒரு பழைய ஸ்போக்ஸ் கம்பியை மைக்ரோமீட்டர் போலப் பயன்படுத்தினார் என்று படித்தபோது, நம்ம மெட்ராலஜி லேப் பீரோவைத்தான் நினைத்துக்கொண்டேன்!

இதெல்லாம் எவ்வளவு கஷ்டம் என்பது பவுண்டரி ஷாப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதன் மேல் படியும் ஆக்சைடு தோலோ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். வீட்டில் வெல்டிங் பழகுபவர்கள் அலுமினியத்திடம் தோற்பது இங்கேதான். மேலே தோல் அப்படியே இருக்கும், உள்ளே கூழாகியிருக்கும். இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கையும் கொடுக்காது. வெள்ளையாக இருக்கும்போதே பொத்தென்று சரிந்துவிடும். வார்ப்பிலும் விடாது. உருகிய உலோகத்தில் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் கரைந்து, ஆறும்போது ஊசித்துளைகளாக நின்றுவிடும். அச்சுக்குள் தண்ணீர் இருந்தால் ஒரே நொடியில் நீராவியாகி உலோகத்தையே வெளியே வீசும். (தயவுசெய்து யாரும் மொட்டை மாடியில் தனியாக முயற்சி செய்யாதீர்கள்!)

வார்த்த பிஸ்டன் சும்மா இருக்கவும் முடியாது. எஞ்சின் சுழற்சி இரண்டு மடங்கானால் பிஸ்டனையும் ராடையும் இழுக்கும் விசை நான்கு மடங்காகும். அதனால் மன்றோவின் எஞ்சின் அடிக்கடி உடைந்தது. பிஸ்டன் ஓட்டையானது, ராடு முறிந்தது. உடைந்ததை அவர் தூக்கி எறியவில்லை. கொட்டகை அலமாரியில் வரிசையாக வைத்து, வேகம் என்ற தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கை என்ற பொருளில் எழுதியும் வைத்தார். அந்த அலமாரிதான் அவர் படித்த கல்லூரி என்று நான் சொல்வேன். எது எங்கே முறிந்தது என்று தினமும் கண்ணில் பட்டால், அடுத்த ராடு அந்த இடத்தில் தடிமனாகும் இல்லையா?

இப்படியே சைடு வால்வு எஞ்சின் ஓவர்ஹெட் வால்வாக மாறியது. 600 சி.சி. 950 சி.சி. வரை போனது. இதற்கு அவர் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. நான்கு குழந்தைகள் பிறந்த அந்தக் குடும்பம் 1947-ல் விவாகரத்தில் முடிந்தது. பிறகு வேலையையும் விட்டு, பட்டறைக் கொட்டகையிலேயே படுத்துப் பல வருடம் வாழ்ந்தார். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. சாதனையாளர் கதையில் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் போனவில் என்ற உப்புவெளி இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதளம். அங்கே 1962-ல், தன் 63-வது வயதில், 883 சி.சி. வகுப்பில் மணிக்கு 288 கிலோமீட்டர் ஓட்டி சாதனை செய்தார். 1967-ல் 68-வது வயதில் 1000 சி.சி.க்கு உட்பட்ட வகுப்பில் 295 கிலோமீட்டர்! ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 89-லிருந்து 295 என்றால் வேகம் சுமார் 3.3 மடங்கு. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். உருவம் மாறாமல் இருந்தால் சுமார் 36 மடங்கு சக்தி வேண்டும். எஞ்சினை மட்டும் திருகினால் நடக்காது என்று தெரிந்துதான் மீன் போன்ற ஃபைபர் கிளாஸ் கூட்டுக்குள் வண்டியை அடைத்தார்.

இன்னொரு ருசியான விஷயம். சாதனை வேகம் என்பது எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு ஓட்டங்களின் சராசரி. அந்த 1967-ம் வருடச் சராசரியில் கணக்குப் பிழை இருப்பதை அவருடைய மகன் கண்டுபிடித்துச் சொல்ல, 2014-ல் அது 296 கிலோமீட்டராகத் திருத்தப்பட்டது. மன்றோ 1978 ஜனவரி 6-ல் இறந்தவர். இறந்து 36 வருடம் கழித்தும் வேகம் கூடிய மனிதர் இவர்!

இவர் கதை எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தது? எங்க அப்பா தள்ளுவண்டியில் தெருத்தெருவாகப் போய்ப் பழைய சாமான் வாங்கிக் காயலான் கடையில் போடுகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். ஒரு துண்டைக் கையில் வாங்கியதுமே அது தகட்டு அலுமினியமா, வார்ப்பு அலுமினியமா என்று அப்பா சொல்லிவிடுவார். அண்டா, தட்டு தகடு. பிஸ்டன், கேஸிங் வார்ப்பு. இரண்டுக்கும் விலை வேறு. வார்ப்பில் சிலிக்கான் கலப்பார்கள் என்று நான் மெட்டலர்ஜி பாடத்தில் படித்தேன். அப்பாவுக்கு சிலிக்கான் என்ற பெயர் தெரியாது, வித்தியாசம் தெரியும். மன்றோவும் இந்த ஜாதிதான். கையால் படித்தவர்கள். நமக்குப் புத்தகமும் இருக்கிறது, பட்டறையும் இருக்கிறது. அப்படியிருந்தும் நாம் என்ன செய்கிறோம்?

ஆறாவது செமஸ்டர் ப்ராஜெக்ட் நெருங்குகிறது. பணம் கட்டினால் பெயின்ட் அடித்த மாடலும் பைண்டிங் செய்த ரிப்போர்ட்டும் கையில் கொடுக்கிற கடைகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் குழு நாலு பேர். என் பங்குக்கு அப்பா எத்தனை நாள் வண்டி தள்ள வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. மூணு வருஷம் படிச்சு என்னடா செய்யத் தெரியும் என்று அப்பா கேட்டால், கடையில் வாங்கியதையா காட்டுவேன்?

ஆகவே நாங்கள் முடிவு செய்துவிட்டோம். பட்டறை அடுப்புக்குக் காற்று ஊதும் சிறிய ப்ளோயர் ஒன்று செய்யப் போகிறோம். சூப்பர்சார்ஜருக்கு அது ஒரு ஏழைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இம்பெல்லரும் கேஸிங்கும் நம்ம பவுண்டரி ஷாப்பிலேயே, சார் முன்னிலையில், பழைய பிஸ்டன்களை உருக்கி வார்ப்போம். பிஸ்டன்களை அப்பா தன் வண்டியிலிருந்து தனியாகப் பொறுக்கி வைக்க ஆரம்பித்துவிட்டார்.

பவுண்டரி ஜன்னல் ஓரம் ஒரு பலகை காலியாக இருக்கிறது. உடையும் ஒவ்வொரு வார்ப்பையும் தேதி போட்டு, எங்கே, ஏன் உடைந்தது என்று எழுதி அங்கே வைப்போம். ஜூனியர் தம்பி தங்கைகளே, ப்ளோயர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தப் பலகையை வந்து பாருங்கள். அடுத்த வருஷம் நீங்கள் ஆரம்பிக்க வேண்டிய இடம் அதில் எழுதியிருக்கும்!