எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடு!

அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ கொல்லையில் எலுமிச்சை வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். தளிர் இலையில் பாம்பு நெளிந்ததுபோல் ஒரு வெள்ளிக் கோடு. பிறகு இலை சுருண்டுவிடும்.

நத்தை ஊர்ந்த தடமா? அல்ல! இலைத் தோலுக்குள் சுரங்கம் வெட்டித் தின்றுகொண்டே போகும் சின்னஞ்சிறு புழுவின் வேலை. இலைத் துளைப்பான் என்பார்கள்.

இந்தப் பூச்சிக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் ஹென்றி ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர்.

1822-ல் லண்டனில் பிறந்தார். வசதியான குடும்பம். மற்றவர்கள் அழகான வண்ணத்துப்பூச்சிகளைத் தேடினார்கள். இவரோ யாரும் கவனிக்காத குட்டி அந்துப்பூச்சிகளைத் தேடினார்.

அவற்றை இனம் காண்பது லேசான காரியமா? ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். தொட்டால் சிறகின் தூள் உதிர்ந்துவிடும். ஆகவே, புழுப் பருவத்தில் அது எந்த இலையில், எப்படி வாழ்கிறது என்று ஸ்டெயின்டன் கவனித்தார். புழு பூச்சியாகும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

ஆப்பிள் மரத்தில் ஒருவகைப் புழு உண்டு. முதலில் இலைக்குள் துளைக்கும். பிறகு இலைத் தோலை வெட்டிக் கூடாக்கி, அதைச் சுமந்துகொண்டே திரியும். கூட்டின் வடிவத்தைப் பார்த்தே இனத்தைச் சொல்லிவிடலாம்!

எலுமிச்சைப் புழு கூடு சுமப்பதில்லை. இலை ஓரத்தை மடித்து அதற்குள் உறங்கும். வெளிவரும் பூச்சி நெல்மணியைவிடச் சிறியது. வெள்ளிச் சிறகின் நுனியில் ஒரு கறுப்புப் பொட்டு. கல்கத்தாவிலிருந்து வந்த பூச்சிகளை ஆராய்ந்து, 1856-ல் ஸ்டெயின்டன் இதைப் பதிவு செய்தார்.

சிறு அந்துப்பூச்சிகளைப் பற்றி 1855 முதல் 1873 வரை 13 தொகுதிகள் வெளியிட்டார். பல நாட்டாரும் படிக்கவேண்டும் என்று ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் ஆகிய நான்கு மொழிகளில் அச்சிட்டார். 1892-ல் காலமானார்.

பெயர் வைத்ததால் என்ன பயன்?

1993-ல் அமெரிக்காவின் பிளாரிடா மாநிலத்தில், எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களில் இதே வெள்ளிக் கோடு தோன்றியது. விவசாயிகள் கலங்கினார்கள். ஆனால் பூச்சி இன்னது என்று தெரிந்ததால், அதன் தாயகம் ஆசியா என்பதும் தெரிந்தது. அங்கே அதற்கு எதிரியாக ஒரு குட்டிக் குளவி இருந்தது. அந்த இனக் குளவியை வரவழைத்து, 1994-ல் தோட்டங்களில் விட்டார்கள். குளவி பெருகியது, புழுக்களை அழித்தது.

உங்கள் எலுமிச்சையில் கோடு தெரிந்தால், உடனே மருந்துக்கு ஓடாதீர்கள். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே புழு தெரியும். எதிரி யார் என்று அறிவதுதான் முதல் வேலை. ஸ்டெயின்டன் வாழ்நாள் முழுவதும் செய்ததும் அதுதான்!