காத்திருந்த காமிரா
(இயற்கையாளர் மா. கிருஷ்ணன் வாழ்க்கை வரலாறு)

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது எங்கள் ஊராகிய வத்திராயிருப்பு. காலையில் கண் விழித்தால் மலை. மாலையில் கதிரவன் மறைவதும் அம்மலைக்குப் பின்னால்தான். பிளவக்கல் அணையின் நீரால் எங்கள் வயல்கள் விளைகின்றன. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சதுரகிரிக்குச் செல்லும் மக்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் தாணிப்பாறைக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். இம்மலைப் பகுதி 1988-ஆம் ஆண்டில் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று.

சாம்பல் நிற அணில் நம் வீட்டு முற்றத்து அணிலைவிடப் பல மடங்கு பெரியது. நீண்ட வாலையுடையது. தரையில் இறங்குவது அரிது. மரக்கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடங்களில் உச்சியிலேயே தாவித் திரியும். இலைகளையும் குச்சிகளையும் கொண்டு கூடு கட்டும். மலையோரத்து மாந்தோப்புகளுக்கும் அது வருவதுண்டு.

சென்ற கோடை விடுமுறையில் நானும் என் தம்பியும் சித்தி பிள்ளைகளும் ஒரு தோப்பில் அப்படியொரு அணிலின் கூட்டைக் கண்டோம். மாமாவின் கைப்பேசியில் அதைப் படம் பிடிக்க வேண்டுமென்று எனக்கு ஆசை. அணிலோ வெளியே வரவில்லை. ஆகவே கூட்டை நோக்கிக் கல்லெறிந்தோம். முதல் கல்லை எறிந்தவள் நான்தான். அணில் பதறிப் பாய்ந்து மறைந்தது. கைப்பேசியில் விழுந்ததோ வெறும் மங்கலான கோடு. வீட்டுக்கு வந்து பெருமையாகக் காட்டினேன். எங்கள் பாட்டி படத்தைப் பார்க்கவேயில்லை. கூட்டில் குட்டி இருந்ததா என்று மட்டும் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பள்ளி திறந்தபின் நூலகப் பொறுப்பிலுள்ள அருட்சகோதரியிடம் இதைச் சொன்னேன். அவர்கள் கடிந்து பேசவில்லை. மழைக்காலமும் குயிலோசையும் என்னும் நூலை எடுத்துக் கொடுத்தார்கள். அதை எழுதியவர்தான் மா. கிருஷ்ணன். நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட அப்பெரியவரின் வாழ்க்கையைத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. தந்தையார் அ. மாதவையா, பத்மாவதி சரித்திரம் என்ற புகழ்பெற்ற நாவலை எழுதியவர். உப்பு இலாகாவில் அலுவல் பார்த்துக்கொண்டே தமிழுக்குத் தொண்டு செய்தவர். பெண்கள் கல்வி கற்க வேண்டும், சிறுமியருக்கு மணம் செய்து வைத்தல் கூடாது என்று அந்நாளிலேயே வாதாடியவர். இன்று பள்ளியில் அமர்ந்து படிக்கும் நாம் இவரைப் போன்றோருக்கு நன்றிக்கடன் பட்டவர்கள்.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில் குடியேறியது. இன்று கட்டடங்கள் நெருங்கிய மயிலாப்பூரில் அன்று புதர்க்காடுகள் இருந்தன. பறவைகளும் நரிகளும் வீட்டருகிலேயே உலவின. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்து வந்தான். உயிரினங்களைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் இங்கேதான் தொடங்கிற்று.

1925-ஆம் ஆண்டில் அவருக்குப் பதின்மூன்று வயதாக இருக்கையில் பெருந்துயரம் நேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று பேசிய மாதவையா, பேசி முடித்ததும் அங்கேயே உயிர் நீத்தார். தந்தையை இழந்த சிறுவனுக்கு அவர் விட்டுச் சென்ற செல்வம் தமிழ்ப்பற்றும் அஞ்சாமையுமே.

கல்வியும் வேலையும்

1927-இல் கிருஷ்ணன் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பேராசிரியர் பைசன் என்பவர் தாவரவியல் கற்பித்தார். மாணவரை அவர் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அழைத்துச் சென்று மலைச்செடிகளைக் காட்டினார். அவருடைய துணைவியாரிடம் கிருஷ்ணன் நீர்வண்ண ஓவியம் கற்றார். பின்னர்ச் சட்டமும் பயின்றார். ஆனால் வகுப்பில் முதல் மாணவராக அவர் விளங்கவில்லை. நல்ல வேலையும் எளிதில் கிடைக்கவில்லை. மதிப்பெண் குறைந்தால் வாழ்வே முடிந்தது என்று கண்ணீர் விடும் நம்மில் சிலர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1937-இல் இந்துமதி அம்மையாரை மணந்தார். 1942-இல் பெல்லாரிக்கு அருகிலிருந்த சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஆசிரியராகவும் நீதிபதியாகவும் விளம்பர அதிகாரியாகவும் மன்னருடைய அரசியல் செயலாளராகவும் பணிபுரிந்தார். ஆடு வளர்த்தும் பார்த்தார். சண்டூரைச் சுற்றிலும் குன்றுகளும் காடுகளும் உண்டு. ஓய்வு கிடைத்த போதெல்லாம் அவர் கால்கள் காட்டை நோக்கியே நடந்தன.

1949-இல் அச்சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. குடும்பம் இருந்தது. வேறொருவராயின் மாதச் சம்பளத்துக்கு மறுபடியும் ஓர் அலுவலகத்தை நாடியிருப்பார். இவரோ இனி எழுத்தும் காமிராவுமே தம் தொழில் என்று முடிவு செய்தார். கானுயிர்களைப் படம் பிடித்து வாழ்க்கை நடத்துவது அந்நாளில் பலர் கேள்விப்படாத தொழில். எவ்வளவு துணிவு வேண்டும், எண்ணிப் பாருங்கள்!

காமிராவும் காடும்

துணிவுடன் காமிராவைச் சுமந்தவர்கள் உலகில் பலர் உண்டு. இத்தாலி நாட்டு விட்டோரியோ செல்லா என்பவர் 1909-இல், உலகின் இரண்டாவது உயரமான கே-2 சிகரத்தின் பனிப்பாறைகளுக்குக் கனத்த காமிராவுடன் சென்று படங்கள் எடுத்தார். மலை அசையாது நிற்கும். யானை நிற்குமா? அது நகரும், மறையும், சினந்தால் துரத்தவும் செய்யும்.

இன்று ஒரு நொடியில் பத்துப் படங்கள் எடுக்கிறோம். நன்றாக இல்லாவிட்டால் அழித்துவிடுகிறோம். அக்காலத்துப் பிலிம் சுருளில் பன்னிரண்டோ முப்பத்தாறோ படங்களுக்குத்தான் இடம். ஒவ்வொன்றுக்கும் பணம். எடுத்த படம் சரியாக விழுந்ததா என்பது பிலிமைக் கழுவிய பின்னரே தெரியும். அடர்ந்த காட்டில் வெளிச்சமும் போதாது. விலையுயர்ந்த கருவிகள் வாங்க கிருஷ்ணனிடம் வசதியும் இல்லை. ஒரு காமிராவின் உடற்பகுதி, மற்றொன்றின் நெடுந்தொலைவு லென்ஸ் என்று பலவற்றின் பாகங்களை இணைத்துத் தமக்கென ஒரு பெரிய காமிராவை அமைத்துக்கொண்டார். அதன் கனத்தைக் கேலி செய்து சூப்பர் பாண்டரோசா என்று அதற்குப் பெயரும் சூட்டினார். கறுப்பு வெள்ளைப் படங்களே அவருக்கு விருப்பம். யானைத் தோலின் சுருக்கமும், காட்டு எருதின் தசைத் திரட்சியும், மரநிழலில் கரைந்து நிற்கும் புள்ளிமானும் அப்படங்களில் அத்துணை அழகாகத் தெரியும்.

முதுமலைக் காடு அவர் பலமுறை சென்ற இடம். கால்நடையாகவும், பழக்கப்பட்ட யானையின் மீது அமர்ந்தும் காட்டுக்குள் போவார். காட்டு யானைக்குக் கண்பார்வை கூர்மையானதன்று. ஆனால் மோப்பமோ மிகக் கூர்மையானது. ஆகவே காற்று யானையிடமிருந்து நம்மை நோக்கி வீச வேண்டும். காற்றுத் திசை மாறினால் பின்வாங்க வேண்டும். குட்டியுள்ள கூட்டமென்றால் இன்னும் தள்ளி நிற்க வேண்டும். இவையெல்லாம் காடு நடத்தும் பாடம். இப்பாடத்தில் தேர்ச்சி பெற வீரத்தைக் காட்டிலும் பொறுமையே தேவை.

கூண்டிலடைத்த விலங்கை அவர் நாடவில்லை. சுதந்திரமாகத் தன் இடத்தில் வாழும் விலங்கையே, அது வாழும் விதமாகவே படம் பிடித்தார். படத்துக்காக விலங்கு என்று அவர் எண்ணவில்லை. விலங்கை அறிவதற்காகவே படம். இந்த இடத்தைப் படித்தபோது மாந்தோப்பில் நான் எறிந்த கல் என் நினைவுக்கு வந்தது.

எழுத்துப் பணி

1950-இல் கல்கத்தாவிலிருந்து வெளிவரும் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இரு வாரங்களுக்கு ஒருமுறை இயற்கை பற்றி எழுதத் தொடங்கினார். அத்தொடர் நாற்பத்தாறு ஆண்டுகள் இடைவிடாது வந்தது. புலி, யானை மட்டுமின்றிக் காகம், ஓணான், வேலியோரத்துச் செடி யாவும் அதில் இடம்பெற்றன. ஓவியங்களையும் தாமே வரைந்தார். தமிழிலும் கட்டுரைகள் எழுதினார். சங்கப் புலவர்கள் மரத்தையும் விலங்கையும் எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருந்தார்கள் என்பதை அவர் பெரிதும் போற்றினார். தமிழில் ஒரு துப்பறியும் நாவலும் எழுதினார் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

1959 முதல் 1970 வரை தென்னிந்தியக் காடுகள் முதலாகத் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்தார். 1968-இல் இதற்காக ஜவஹர்லால் நேரு ஆய்வுநிதி கிடைத்தது. ஆராய்ச்சி முடிவுகள் 1975-இல் நூலாக வந்தன. அக்காலத்தில் வேட்டையாடுதல் பெருமையாகக் கருதப்பட்டது. விலங்குகள் வேகமாகக் குறைந்து வந்தன. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் வந்தன. இந்திய வனவிலங்கு வாரியத்தின் உறுப்பினராக இருந்து அவர் அரசுக்கு ஆலோசனை கூறினார். தவறென்று பட்டதை முகத்துக்கு நேரே சொல்வார். வெளிநாட்டு மரங்களை நட்டுவிட்டு அதைக் காடு வளர்ப்பு என்று கூறுவதை அவர் ஏற்கவில்லை. நம் மண்ணுக்குரிய மரமும் புல்லும் இருந்தால்தான் நம் விலங்குகள் வாழும் என்பது அவர் கொள்கை.

பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பும் அவரைச் சிறப்பித்தது. பெருஞ்செல்வம் மட்டும் வந்து சேரவில்லை. அதற்காக அவர் வருந்தியதாகவும் தெரியவில்லை. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் சென்னையில் காலமானார். இறுதி வரை அவர் பேனா ஓயவேயில்லை.

நாம் செய்ய வேண்டியது

அன்புத் தோழியரே! பறவைகளையும் விலங்குகளையும் உடன்பிறப்புகளாக நேசித்தவர் புனித அசிசி பிரான்சிஸ். 1979-இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைச் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக அறிவித்தார். அப்புனிதரின் அன்பை ஆலயத்தில் மட்டும் நினைத்தால் போதாது. அணைக்கட்டிலும் ஓடையிலும் தோப்பிலும் நாம் நடந்துகொள்ளும் முறையிலும் அது தெரிய வேண்டும். மலைக்குச் செல்வோர் குரங்குக்குத் தின்பண்டம் நீட்டிப் படம் எடுப்பதையும், பிளாஸ்டிக் பையை அங்கேயே எறிவதையும் காண்கிறோம். நம் வீட்டாரிடமாவது நாம் எடுத்துச் சொல்லலாம் அல்லவா?

காலாண்டு விடுமுறையில் நான் மறுபடியும் அத்தோப்புக்குப் போனேன். பழைய கூடு பிய்ந்து தொங்கிற்று. சற்று உள்ளே தள்ளி வேறொரு மரத்தில் புதுக்கூடு ஒன்று தெரிந்தது. அதே அணிலுடையதா, நானறியேன். கல் எதுவும் எடுக்காமல் தொலைவில் அமர்ந்தோம். தம்பி பலமுறை எழுந்திருக்கப் பார்த்தான். ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. பிறகு இலைகளுக்கிடையிலிருந்து நீண்ட வாலொன்று மெல்ல வெளிவந்தது. அணில் எங்களைப் பார்த்தது. பின் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிற்று.

கைப்பேசி மாமாவிடமே இருந்தது. என்னிடம் படம் எதுவும் இல்லை. ஆனால் இம்முறை பாட்டியிடம் சொல்வதற்கு எனக்குப் பதில் இருந்தது: கூட்டில் குட்டி உண்டு.

– பத்தாம் வகுப்பு மாணவி