விண்வழி கண்ட விக்ரம் சாராபாய்

அகமதாபாத் நகரில் ஆலைத்தொழிலால் உயர்ந்த சமணக் குடும்பத்தில், அம்பாலால் - சரளாதேவி இணையர்க்கு மகனாக 1919 ஆகஸ்டு 12ஆம் நாள் பிறந்தவர் விக்ரம் சாராபாய். கேம்பிரிட்ஜில் பயின்றதும், 1947இல் இயற்பியல் ஆய்வுக்கூடம் கண்டதும், 1963இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவச் செய்ததும் பலரும் அறிந்தவை.

அவர் உள்ளத்தை ஆட்கொண்ட வினா வேறு. சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி சென்றடைவது எங்ஙனம்? அதனைச் சுமக்கும் வானலை நேர்க்கோட்டில் செல்வது. புவியின் வளைவும் மலைகளும் அதனை மறைக்கும். ஆதலின் தொலைவுதோறும் கோபுரம் எழுப்புதல் வேண்டும்; அதற்குப் பல்லாண்டுகள் ஆகும். நிலநடுக்கோட்டின்மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தப்பெறும் செயற்கைக்கோளோ, புவியோடு ஒத்து நாளுக்கு ஒரு சுற்று வருவதால், அசையாது நிற்பதுபோல் தோன்றும். தரையிலிருந்து அனுப்பும் அலையை வாங்கி, வலுவூட்டி, நாடு முழுமைக்கும் ஒருசேரப் பொழியும். ஏழை நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்று கேட்டோர்க்கு இதனினும் தக்க விடை வேறில்லை.

1969இல் அமெரிக்காவின் நாசாவுடன் உடன்பாடு கண்டார். பயனைக் காண அவர் இருக்கவில்லை. 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் 52 வயதில் மறைந்தார்.

1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கக் கோள் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு ஒளிபரப்பியது. அதன் அலை வலிமை மிக்கதாகலின், கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பிவலையால் அமைத்த மூன்று மீட்டர்க் கிண்ணமே அதனை ஏற்கப் போதுமாயிற்று! காலையில் பள்ளிச் சிறார்க்கும் மாலையில் ஊரார்க்கும் நிகழ்ச்சிகள் வந்தன. அவ்வூர் மக்களுள் மிகப் பலர் தொலைக்காட்சியைக் கண்டது அதுவே முதன்முறை.